டெட்லெஃப் இணைப்பில் இருக்கிறார்

இரவு இரண்டு பதினாலு.
திரையின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.
பக்கத்தில் பெயர்:
டெட்லெஃப் ஹ்யூல்ஸ்பெக்.

மாசியில் அவரைப் புதைத்தோம்.
வெல்பெர்ட்டில் அன்று மழையுமில்லை, பனியுமில்லை,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று
குடைகளின் மேல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.
வரிசையில் நின்று
சின்ன மண்வெட்டியால் நானும் மண் போட்டேன்.

இது ஆவணி.

எனக்குத் தெரியும். இதுதான் என் தொழில்.
இறந்தவர்கள் கடவுச்சொல் தட்டுவதில்லை.
ஆனாலும் மூன்று நொடி,
வாருங்கள், எங்கே இவ்வளவு நாளாய் என்று
மனம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டது.

நான்காவது நொடியில்
அவர் கணக்குப் பிரிவின் கோப்புறையைத் திறந்தார்.
வார்ப்படத்தில் முப்பது வருடம் நின்ற மனிதர்,
தன் சம்பளச் சீட்டையே விரித்துப் பார்க்காதவர்.

ஓடினேன்.
நீலக் கம்பி, மஞ்சள் கம்பி,
எதற்கென்று எவருக்கும் தெரியாத அந்தச் சாம்பல் கம்பி,
எல்லாவற்றையும் பிடுங்கினேன்.
விசிறிகள் ஓய்ந்த அறையில்
என் மூச்சு மட்டும் இரைந்தது.

ஏழு சேவையகம் தப்பியது. இரண்டு போனது.
பதினெட்டு வருட வரைபடங்கள்
யாராலும் வாசிக்க முடியாத எழுத்தாகிக் கிடக்க,
அடியில் ஒரு கடிதம்.
மதிப்புக்குரியோரே என்று தொடங்கி
ஒரு காற்புள்ளிகூடத் தவறாத ஜெர்மனில்
விலை சொன்னது.

நாங்கள் பூட்டுச் செய்கிறவர்கள்.
கார்க் கதவுக்கு, கழிவறைக் கதவுக்கு,
ஒருமுறை ஒரு சிறைச்சாலைக்கும்.

விடியும்போது ப்ரிங்க்மான் வந்தார்.
இரவு உடுப்பின் மேல் கோட்டு.
ஃப்ராவ் தில்லையம்பலம் என்றார்,
என் பெயரை வழக்கம்போல் மூன்றாக உடைத்து.
யார் கதவைத் திறந்து வைத்தது?

கோரிக்கை எண் 4471.
ஹ்யூல்ஸ்பெக், பணியாளர் மறைவு, கணக்கை நீக்கவும்.
பொறுப்பு: நான்.
ஒவ்வொரு திங்களும் அதைத் திறந்து
அடுத்த திங்களுக்குத் தள்ளி வைத்தேன்.
இருபத்தைந்து திங்கள்.
பொத்தான் வைத்த பழைய கைபேசிக்காரர் என்று
இரண்டாம் சரிபார்ப்பிலிருந்து விலக்குக் கொடுத்ததும் நான்தான்.
காலமானவருக்கு
கடவுச்சொல் காலாவதியாகிறது என்று
என் நிரலே ஒன்பது கடிதம் அனுப்பியிருக்கிறது.
ஒன்பது முறையும் கெடுவை நீட்டியிருக்கிறேன்.

ஏன் என்றார் ப்ரிங்க்மான்.
பட்டியலில் அவர் பெயர் சாம்பல் நிறத்தில் இருக்கும்,
வெளியே போயிருக்கிறார் என்று காட்டும்.
அது எனக்குப் பிடித்திருந்தது.
இதை எப்படிச் சொல்வது?
வேலைப்பளு என்றேன்.

கடவுச்சொல் என்ன என்று கேட்டார்.
அவர் நாயின் பெயரும் அது பிறந்த வருடமும்.
ரீக்கே2016.
திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி
என்பார்கள் எங்கள் ஆட்கள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எழுபத்திரண்டு மணிநேரத்துக்குள் அறிக்கை போகவேண்டும்.
படிவத்தில் காரணத்துக்கு ஆறு கட்டங்கள்.
நான்காவதில் புள்ளடி போட்டேன்: மனிதத் தவறு.
இரண்டு சொல்லில் எது பெரியது என்று
படிவம் கேட்கவில்லை.

ஏழு நாற்பதுக்கு அவரை நீக்கினேன்.
சத்தமில்லை. பட்டியல் ஒரு வரி மேலே ஏறியது,
அவ்வளவுதான்.
அவர் இடத்தில் இப்போது
ஹ்யூப்னர், பொதிகட்டும் பிரிவு.

இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்.
கோப்பி ஆறிவிட்டது.
தொலைபேசியை எடுத்து
முதல் பெயரிலிருந்து ஒவ்வொருவராக அழைக்கிறேன்.

காலை வணக்கம், கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறேன்.
ஒரே ஒரு கேள்வி.
இருக்கிறீர்களா?